தாயத்தோடு வந்த இஞ்சின்

எங்கள் பச்சை வண்டி செத்துப்போனது ஒரு சனிக்கிழமை காலையில், மலாக்கா மாநிலத்து ரெம்பியா மார்க்கெட்டுக்குப் போகிற வழியில். இப்படி நான் சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது. "நின்னு போச்சுன்னு சொல்லுங்க" என்பாள். சரி, நின்றுபோனது. முதலில் சூடு காட்டும் ஊசி மேலே ஏறியது. "ஊசி ஏறுது" என்றாள். "தெரியுது" என்றேன். தெரிந்துகொண்டேதான் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன், நல்ல மீன் தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில். பானெட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஆவி கிளம்பி, முன்னால் ரோடே தெரியாமல் போனபோதுதான் ஓரம் கட்டினேன். அன்றைக்கு மீனும் இல்லை, வண்டியும் இல்லை.

அது பழைய ஜப்பான் கார். எனக்கு முன்னால் வேறொருவர் வைத்திருந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லாரியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன எனக்கு, சொந்தமாக ஒரு கார் வாசலில் நிற்கிறது என்பதை நம்பவே கொஞ்ச நாள் ஆனது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைப் போய்ப் பார்ப்பேன். வாங்கிய அன்று அதை வீட்டுக்கு ஓட்டி வந்தது நானில்லை, என் மனைவியின் தம்பி. என்னிடம் லைசென்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. "நீங்க பக்கத்துல உக்காருங்க மச்சான், மாப்பிள்ளை மாதிரி" என்று சொல்லி, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே ஓட்டி வந்தான். அவன் இப்போது இல்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு விபத்தில் போய்விட்டான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மகள் பிறக்கும் நேரத்தில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தது அந்த வண்டியில்தான். அவளைப் படிக்க அனுப்பியது அதில்தான், பிறகு கல்யாணமாகி ஜோகூருக்கு அனுப்பி வைத்ததும் அதில்தான். இத்தனை பயணத்திலும் என் இடப்பக்க சீட் என் மனைவியுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு, வழி நெடுக வாயாலேயே வண்டி ஓட்டுவாள். "லாரி வருது." "மெதுவா." "அந்த மோட்டார்காரன நம்பாதீங்க." ஸ்டியரிங் மட்டும்தான் என் கையில்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. சிக்னலில் நின்றால், பக்கத்தில் வந்து நிற்கிற வண்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். லேசாக இல்லை, கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டி, நன்றாகவே பார்ப்பாள். சில பேர் சிரிப்பார்கள், சில பேர் முறைப்பார்கள். "அடுத்தவன் வண்டிக்குள்ள உனக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். ஊர் வம்புக்கு அலைகிற கேபோ என்று அவளுக்குப் பேர் வைத்து, விருந்தாளி வரும்போதெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் சேர்த்தது, சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற என் மெக்கானிக்கிடம். அவர் சீனர். அவர் குடும்பம் தோட்டத்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தது, அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஒரே ஒரு குறை, மரியாதைப் பன்மை அவருக்கு வரவே வராது. கோயில் தலைவரானாலும் 'நீ'தான். நாங்கள் அவரைத் தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம். கடைக்கு முதலாளியும் அவரே, கூலியும் அவரே.

தவுக்கே இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "நீ சூட்டோட ஓட்டுன, இல்ல அண்ணே?"

"கொஞ்ச தூரம்."

"கொஞ்ச தூரம் போதும்லா. பிளாக்கே வெடிச்சுப் போச்சு. இது இனிமே கறி சட்டி."

மகளுக்கு போன் போட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "விடுங்கப்பா, அது காரே இல்ல, மியூசியம். சின்னதா புதுசு ஒண்ணு எடுங்க" என்றாள். நான்கூட மனம் மாறியிருப்பேன். என் மனைவிதான் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க மாமா கை பட்ட வண்டிடி அது. அது வாசல்ல இல்லாம நான் இருக்க மாட்டேன்." தம்பியின் பேச்சை அவள் தானாக எடுத்து நான் கேட்டது, நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அப்போதுதான் தவுக்கே இஞ்சினை மாற்றும் யோசனையைச் சொன்னார். ஜப்பானில் ஒதுக்கிய கார்களைப் பாதியாக வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே அதற்கு ஹாஃப்கட் என்று பெயர். இஞ்சின், கியர்பாக்ஸ், வயர், டாஷ்போர்டு எல்லாம் அப்படியே இருக்கும். எங்கள் வண்டியின் அதே கம்பெனி, ஆனால் பல வருஷம் பின்னால் வந்த இஞ்சின் ஒன்று கடைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். "உன் பழசு கார்பரேட்டர். இது இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் கம்மி, இழுவை ஜாஸ்தி. வேலைதான் கொஞ்சம் இருக்கு. நீ அவசரப்படக் கூடாது."

நான் அவசரப்படவில்லை. லீவு நாளெல்லாம் அவர் பட்டறையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். புது இஞ்சின் பழைய உடம்புக்குள் போகிற விஷயம் நான் நினைத்ததுபோல் திருகாணியைக் கழற்றித் திருகாணியைப் போடுவது இல்லை. இஞ்சின் உட்காரும் பிடிகளை அறுத்து வேறு இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும். ரேடியேட்டரைப் பெரிசாக்க வேண்டும். டாங்கிக்குள் ஒரு பம்பு இறக்க வேண்டும். வயரோ, பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி பட்டறை மேசை முழுக்கக் கிடந்தது. தவுக்கே அதில் ஒவ்வொரு நூலாகப் பிரித்து, டேப் ஒட்டி, தன் மொழியில் ஏதோ எழுதி வைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பானெட் மூடுமா என்று அவர் பார்த்த விதம். புது இஞ்சின் கொஞ்சம் உயரம். மூடிவிட்டால் உள்ளே இடிக்கிறதா என்று தெரியாது. பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போட உருட்டி வைத்திருந்த மாவில் இரண்டு உருண்டை வாங்கி வந்தார். இஞ்சினின் உச்சியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று வைத்தார். பானெட்டை மெல்ல இறக்கி மூடித் திறந்தார். உச்சியில் இருந்த மாவு அப்பளமாகத் தட்டையாகி, பானெட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டது. "இடிக்குது" என்றார். பிடிகளைத் திரும்ப அறுத்துக் கொஞ்சம் இறக்கினார். மறுபடியும் மாமாக் கடை, மறுபடியும் மாவு. அந்தக் கடைக்காரர் கடைசியில், "இஞ்சின் சாப்புட்டு முடிச்சிருச்சா, குழம்பு வேணுமா?" என்று கேட்டார்.

இதுவரை என் மனைவிக்கும் உற்சாகம்தான். தவுக்கேவுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுப்பாள். நான் வீட்டுக்கு வந்ததும் அன்றைய முன்னேற்றத்தை ஒப்பிக்க வேண்டும். மாவுக் கதையைக் கேட்டு, கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

காரியத்தைக் கெடுத்தது என் சட்டைப் பை. இஞ்சின் முதல் தடவை ஓடிய அன்று, தவுக்கே ஒரு டப்பாவைத் திறந்து என் கையில் எதையோ வைத்தார். விரல் நீளத்தில் ஒரு சிவப்புத் துணிப் பை. மேலே வெள்ளைக் கயிறு, பின்னல் போட்டுக் கட்டியிருந்தது. துணியில் தங்க நூலில் நாலு எழுத்து.

"ஹாஃப்கட்டுல கண்ணாடியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றார். "சாமி சாமான் நான் தூக்கிப் போட மாட்டேன். இஞ்சின் உன்னுது, இதுவும் உன்னுது."

"என்ன எழுதியிருக்கு?"

"ஜப்பான்காரன் எழுதுனாலும் எழுத்து எங்க எழுத்துதான். ரோட்டுல பத்திரம், அவ்வளவுதான். கோயில்ல குடுப்பாங்க. உங்க தாயத்து மாதிரி."

என் மனைவிக்குக் கோயில், கயிறு, தாயத்து என்றால் உயிர். காட்டினால் மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன். கல்யாணமாகி இவ்வளவு வருஷம் ஆன பிறகும் மனிதனுக்குப் புத்தி வருவதில்லை.

அவள் சிங்க்கில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவுக்கே சொன்னதைச் சொன்னேன்.

"அந்த வண்டிய வித்துட்டாங்களா?"

"ஆமா. பழசாப் போச்சுன்னு வித்திருப்பாங்க."

"விக்கிற வண்டியில இத விட்டுட்டா போவாங்க? கழட்டிப் புது வண்டியில மாட்டிக்க மாட்டாங்களா?"

"மறந்திருப்பாங்க."

"கண்ணு முன்னாடி தொங்குறத எப்படிங்க மறப்பாங்க? திரும்பி வராதவன் வண்டியிலதான் இது அப்படியே தொங்கும்."

எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும், எல்லோருக்கும் தெரியும். அடிபட்ட வண்டியா, இல்லையா என்று இஞ்சினைப் பார்த்தாலே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முன்பாதி ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது, லைட் கண்ணாடிகூட உடையவில்லை, மோதிய வண்டி என்றால் முன்பக்கம் அப்பளமாகியிருக்கும் என்று மெக்கானிக் மாதிரி விளக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "என் தம்பி வண்டியும் முன்பக்கம் முழுசாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

அந்த விபத்தை மறந்தே நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மச்சான் சிம்பாங் அம்பாட் போகிற சாலையில் சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றுகொண்டிருந்தான். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. வண்டியைப் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவன் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் வண்டியை விட்டிருந்த பட்டறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நாள் கடந்துவிட்டது. முன்பக்கம் நல்லா இருந்தது, இஞ்சினோடு யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி, குடை, ஒரு துண்டு. என் மனைவி அந்தப் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவள் ஆரத்தி எடுத்தாள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் நசுக்கிக்கொண்டு முன்னால் எடுத்து, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறவில்லை. கதவைப் பூப்போல மூடினாள்.

"ஒரு புள்ள செத்துப்போன வண்டி இஞ்சினு. அவனுக்கு ஒண்ணுமே செய்யாம, ஓசியில வந்தவ மாதிரி நான் பாட்டுக்கு எப்படி ஏறி உக்கார்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கெஞ்சுவது மாதிரி சொன்னாள். அதனால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் எதிர்வீட்டுப் பெண்ணின் மோட்டார் சைக்கிளில்தான். அந்தப் பெண் கிளினிக்கில் வேலை செய்கிறவள், நல்ல மனசு. தன் மகனின் ஹெல்மெட்டைக் கொடுத்திருந்தாள், பின்னால் பல்லி மாதிரி ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியது. அதை மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மார்க்கெட் கூடையோடு என் மனைவி பின்சீட்டில் போவாள். நான் மனசு கேட்காமல் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். புது இஞ்சின் கால் வைத்தால் பாய்கிற இஞ்சின். நானோ மோட்டாருக்குப் பின்னால் எருமைமாட்டு வேகத்தில். எனக்குப் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். சிக்னலில் நின்றால் மட்டும் ஹெல்மெட் இடமும் வலமும் திரும்பும், அக்கம்பக்கத்து வண்டிகளுக்குள் பார்க்கும். என் வண்டியைத் தவிர.

நான் வெளியில் சிரித்துக்கொண்டேன், உள்ளே எனக்குத் தாங்கவில்லை. வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. சத்தம் இல்லை, உதறல் இல்லை, ஏர்கோன் பனிக்கட்டியாகக் கொட்டியது. ஆனால் "லாரி வருது" என்று சொல்ல ஆளில்லை. பக்கத்து சீட்டில் மார்க்கெட் பையை வைத்தால் பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது, அதுவும் புது இஞ்சினோடு வந்த உபத்திரவம். அவள் ஏறாவிட்டால் இந்த வண்டி எனக்கு எதற்கு என்று ஒரு நாள் நடுவழியில் ஓரம் கட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் இல்லாமல் வண்டி ஓட்ட எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அன்று வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். "நான் என்ன செஞ்சா நீ ஏறுவ? இஞ்சினக் கழட்டிடச் சொல்லட்டுமா?"

"ஐயோ, அத ஏன் கழட்டணும்? அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு எலை சோறு போடணும்ங்க. அமாவாசை வருதில்ல."

எல்லாவற்றையும் முன்னமே யோசித்து வைத்திருக்கிறாள். நான் கேட்கட்டும் என்றுதான் இருந்திருக்கிறாள்.

அந்த அமாவாசைக்கு என்ன படைப்பது என்பதில் வீடு இரண்டுபட்டது. மகள் வீடியோ காலில் வந்து, சூப்பர் மார்க்கெட்டில் சூஷி விற்கிறது, அதை வாங்கி வையுங்கள் என்றாள். "பச்ச மீனயாடி படைப்பாங்க? வந்த புள்ள பசியோட திரும்பிப் போயிடும்" என்று அம்மாக்காரி மறுத்துவிட்டாள். கெம்போங் மீன் பொரியல், முட்டை, கீரை, காரம் குறைத்து ஒரு சாம்பார், கொஞ்சம் மீ கோரெங் நூடுல்ஸ். பால் ஊற்றாத பச்சை டீ, மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்துப் பிரிக்காமல் கிடந்த பெட்டியிலிருந்து. எங்கள் அப்பாவுக்குப் படைக்கும்போது பீர் வைப்போம், அதனால் நான் ஒரு டின் வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம்.

"வண்டி ஓட்டுற புள்ளைக்குக் குடிக்கக் குடுப்பீங்களா நீங்க?"

பீர் டின் ஐஸ் பெட்டிக்குப் போனது. சீனக் கடையில் வாங்கிய சாப்பாட்டுக் குச்சியை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

மத்தியானம் போர்ச்சில் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தோம். இஞ்சினுக்கு முன்னால் ஒரு ஸ்டூல், அதன் மேல் வாழை இலை, இலைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புத் துணிப் பை. தவுக்கேவையும் அழைத்திருந்தாள். அவர் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, தன் பங்குக்கு மூன்று பெரிய ஊதுபத்தியோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஊதுபத்தியை என் செம்பருத்தித் தொட்டியில் குத்தி வைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் இஞ்சின் பக்கம் குனிந்து ஒரு ஹோஸைத் தொட்டுப் பார்த்தார்.

என் மனைவி சூடம் ஏற்றினாள். படையல் போட்டால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பா வாங்க, சித்தி வாங்க என்று நாங்கள் கூப்பிடுவோம். இந்த ஆளுக்குப் பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றாள். சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி" என்றாள். "வாப்பா. வந்து சாப்புடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியைப் பார்ப்பதுபோல் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டேன். என் மச்சான் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு இலை போட்டிருக்கிறோம். ஒரு தடவைகூட அவள் வாய் திறந்து அவனைக் கூப்பிட்டதில்லை. நான்தான் கூப்பிடுவேன். அவள் சமையலறையில் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

சாப்பாடு முடிந்து, மீன் ருசி என்று என் மனைவியிடம் சொல்லி இன்னொரு துண்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தவுக்கே வாசல் கேட் அருகில் என் காதைக் கடித்தார். "அண்ணே, உண்மையச் சொன்னா யாரும் செத்திருக்க மாட்டாங்க. அங்க கார் கொஞ்சம் பழசானா போட்டுடுவாங்க. அந்த ஆள் இப்ப புதுக் கார்ல ஏறி ஜாலியா போயிக்கிட்டு இருப்பான்."

"அப்ப உயிரோட இருக்கறவனுக்கா படையல் போட்டோம்?"

"சோறுதான போட்ட? போட்டா என்ன?"

அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. நான் பயந்துபோனேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. "நெசமாவா தவுக்கே? உயிரோட இருப்பானா?" என்று கேட்டாள். "அப்படின்னா நல்லா இருக்கட்டும். சாப்பாடு நல்லாத்தான் செஞ்சேன்."

வெயில் தாழ்ந்ததும் கிளேபாங் போகலாமா என்று கேட்டாள். கடற்கரைக் கடைகளில் தேங்காய் ஷேக் குடிப்பது எங்கள் பழைய வழக்கம். நான் பதில் சொல்வதற்குள் அவளே இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். காலை மடித்து வைத்துக்கொண்டாள். அந்தச் சிவப்புப் பையை எடுத்துக் கண்ணாடியில் கட்டினாள், அவிழாமல் இருக்க இரண்டு முடிச்சு. வண்டி எங்கள் குடியிருப்புத் தாமானைத் தாண்டுவதற்குள், "மெதுவா" என்றாள். இவ்வளவு இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

மலாக்காவை நெருங்கியதும் ஒரு சிக்னலில் நின்றோம். இடப்பக்கம் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. அவள் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டி, உள்ளே பார்த்தாள். நானும் வழக்கம்போல், "கேபோ, ஆரம்பிச்சுட்டியா?" என்றேன்.

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சிவப்பு விளக்கையே பார்த்தாள்.

"தம்பி வண்டியில நான் ஒரு வேல் கட்டியிருந்தேங்க" என்றாள். "சின்னது. பித்தளை. மஞ்சக் கயித்துல, ஒரு செவப்பு மணி கோத்து. வண்டி வாங்குன அன்னிக்கு நான்தான் கண்ணாடியில கட்டிவிட்டேன். நீங்க கொண்டாந்த பையில அது இல்ல."

நான் கண்ணாடியில் தொங்கிய சிவப்புப் பையைப் பார்த்தேன்.

"இஞ்சின எடுத்தவங்க அதயும் எடுத்திருப்பாங்கன்னு ஒரு நெனப்பு. எந்த வண்டியிலயாச்சும் தொங்குதான்னு பாப்பேன். அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும். யாரு அதெல்லாம் பத்திரமா எடுத்து வைப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்." கையை நீட்டி, ஆடிக்கொண்டிருந்த சிவப்புப் பையை நிறுத்தினாள். "இப்ப பாருங்க, தவுக்கே எடுத்து வச்சிருந்தாரு."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இத்தனை வருஷமாக விருந்தாளிகள் முன்னால் நான் சிரித்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து அவள் கை மேல் வைத்தேன். "ரோட்டப் பாருங்க" என்றாள்.

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. பெல்ட் மணியைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் அவள் இடப்பக்கத்து வண்டிகளுக்குள் பார்ப்பாள். வலப்பக்கத்து வண்டிகளை நான் பார்க்கிறேன். மஞ்சள் கயிறு, சிவப்பு மணி, சின்னப் பித்தளை வேல். சில பேர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.